கோடிக்கு ஃபைல் பிரவுசர் ஆட்-ஆன் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவியோடு இணைத்த பெட்டியில் ஓடும் மீடியா சென்டர் மென்பொருள்களில் பலர் அறிந்தது கோடி. 2014 வரை அதற்கு எக்ஸ்பிஎம்சி என்று பெயர். அதனால்தான் அதன் பைதான் மாட்யூல்களின் பெயர்கள் இன்றும் எக்ஸ்பிஎம்சி என்றே தொடங்குகின்றன. ஃபோல்டர்களுக்குள் போய்ப் பார்த்து, வேண்டியதை ஓட்டுகிற ஆட்-ஆன் (கோடியோடு சேர்க்கும் துணை நிரல்) ஒன்றை அதற்கு எழுத நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பைதான் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். பதில்கள் கோடி 19 'மேட்ரிக்ஸ்', 20 'நெக்ஸஸ்', 21 'ஒமேகா' ஆகிய பதிப்புகளுக்குப் பொருந்தும்.

கோடியிலேயே ஃபைல் மேனேஜர் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

நல்ல கேள்வி. வேலையைத் தொடங்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ் பக்கத்துக்குள் இரண்டு பாதியாகப் பிரிந்த ஃபைல் மேனேஜர் ஒன்று இருக்கிறது. நகலெடுக்க, நகர்த்த, பெயர் மாற்ற அது போதும். வீடியோ பகுதியில் 'ஃபைல்ஸ்' என்று தனி நுழைவும் உண்டு. இவை செய்யாத ஒன்று உங்களுக்கு வேண்டும் என்றால் மட்டும் எழுதுங்கள். நாலைந்து டிஸ்க்குகளில் கிடப்பதை ஒரே பட்டியலாக, புதியது முதலில் வருமாறு காட்டுவது, குழந்தைகளுக்கு ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்துவிடுவது, கோடிக்குத் தெரியாத ஒரு சேமிப்புச் சேவையை உள்ளே கொண்டுவருவது எல்லாம் நியாயமான காரணங்கள். 'பார்க்க இன்னும் அழகாக இருக்க வேண்டும்' என்பது மட்டும்தான் காரணம் என்றால் உங்களுக்கு வேண்டியது ஸ்கின் (கோடியின் தோற்றத்தை மாற்றுவது), இப்படிப்பட்ட ஆட்-ஆன் அல்ல.

பிளகினா, ஸ்கிரிப்டா?

பிளகின். ஏறக்குறைய எப்போதும் பிளகின்தான்.

பிளகின் என்பது கோடியிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும் நிரல். வரைவது, ரிமோட்டின் அம்புக்குறிகளைக் கவனிப்பது, பின்னால் போவது, வியூ மாற்றுவது, வரிசைப்படுத்துவது எல்லாம் கோடியின் பொறுப்பு. ஸ்கிரிப்ட் என்றால் சொந்தமாக விண்டோ திறந்து, ஒவ்வொரு பட்டனுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும். இரண்டு பலகை பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்றால் மட்டுமே அந்தத் தொல்லைக்குப் பொருள் உண்டு. பயனர் எந்த ஸ்கின் போட்டிருந்தாலும் பிளகின் அந்த ஸ்கினோடு ஒட்டிப்போகும். ஸ்கிரிப்டில் வரைந்த விண்டோ தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு ஃபோல்டரை அழுத்தியதும் உள்ளே என்னதான் நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஆட்-ஆனின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி உண்டு. 'பிளகின்://' என்று தொடங்கி, ஆட்-ஆனின் ஐடி வந்து, அதன்பின் கேள்விக்குறி, அதற்குப்பின் நீங்கள் வைக்கும் விவரங்கள்: என்ன செய்ய வேண்டும், எந்தப் பாதை. பயனர் ஃபோல்டரை அழுத்தியதும் கோடி உங்கள் பைதான் நிரலைப் புதிதாக ஓட்டுகிறது. அதற்கு மூன்று விஷயங்கள் 'சிஸ்.ஆர்க்வி' வழியாக வந்து சேரும். பூஜ்யமாவது இடத்தில் அடிப்படை முகவரி. 1ஆவது இடத்தில் 'ஹேண்டில்' எனப்படும் ஒரு எண். எந்தப் பட்டியலுக்கான பதில் இது என்று கோடி அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். 2ஆவது இடத்தில் கேள்விக்குறியோடு சேர்ந்த விவர வரி.

நீங்கள் செய்ய வேண்டியது: பாதையைப் பிரித்தெடுத்து, அந்த ஃபோல்டரில் இருப்பதைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'லிஸ்ட்ஐட்டம்' (பட்டியலின் ஒரு வரி) செய்து, 'ஆட் டைரக்டரி ஐட்டம்' மூலம் சேர்த்து, கடைசியில் 'எண்ட் ஆஃப் டைரக்டரி' என்று முடிப்பது. அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் பட்டியல் முறையாக வந்து சேராது. நிரல் அத்தோடு முடிந்துவிடும். அடுத்த ஃபோல்டரை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே 'இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறோம்' என்பதை ஒரு குளோபல் வேரியபிளில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை மறந்துவிடுங்கள். அடுத்த முறை அது இருக்காது. நினைவில் இருக்க வேண்டியது எல்லாம் முகவரியிலேயே இருக்க வேண்டும். இப்படி எழுதினால் பின்னால் போகும் பட்டன் தானாகவே சரியாக வேலை செய்யும், பயனர் ஒரு ஃபோல்டரை ஃபேவரிட்ஸில் சேர்த்தாலும் அது நேராக அங்கேயே திறக்கும். மேலே போவதற்கான இரண்டு புள்ளி வரியைக்கூட நீங்கள் சேர்க்க வேண்டாம். பயனரின் செட்டிங்கைப் பார்த்துக் கோடியே காட்டும்.

ஆட்-ஆன் ஃபோல்டரில் குறைந்தபட்சம் என்ன வேண்டும்?

'ஆடான்.எக்ஸ்எம்எல்' ஒன்று, பைதான் ஃபைல் ஒன்று. ஃபோல்டரின் பெயரும் எக்ஸ்எம்எல்லில் உள்ள ஐடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எக்ஸ்எம்எல்லில் பைதான் இடைமுகத்தின் பதிப்பு எண் ஒன்று கேட்கும்: 19க்கு 3.0.0, 20க்கும் 21க்கும் 3.0.1. உங்கள் பிளகின் வீடியோவா, இசையா, படமா என்பதை 'புரொவைட்ஸ்' என்ற இடத்தில் சொல்ல வேண்டும்; எந்த மெனுவின் கீழ் அது தோன்றும் என்பது இதைப் பொறுத்தது. மூன்றையும் எழுதினால் மூன்று இடத்திலும் தோன்றும்.

பைதானின் 'ஓஎஸ்.லிஸ்ட்டிர்' போதாதா? எதற்குக் கோடியின் விஎஃப்எஸ் (எல்லா வகைப் பாதைகளையும் ஒரே மாதிரி கையாளும் அடுக்கு)?

உள்ளூர் டிஸ்க்குக்குப் போதும். ஆனால் கோடி பயனர்களில் பலர் படங்களை வைத்திருப்பது வேறொரு கணினியில் அல்லது நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில். அவர்கள் பாதை, நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையைப் பொறுத்து, 'எஸ்எம்பி://' அல்லது 'என்எஃப்எஸ்://' என்று தொடங்கும். பைதானுக்கு அது என்னவென்றே தெரியாது. கோடியின் 'எக்ஸ்பிஎம்சிவிஎஃப்எஸ்' மாட்யூலுக்கு அவை எல்லாம் ஒன்றுதான். 'ஸ்பெஷல்://' என்று தொடங்கும் கோடியின் சொந்தப் பாதைகளும் அதற்குப் புரியும்.

அதன் 'லிஸ்ட்டிர்' இரண்டு பட்டியல்களைத் திருப்பித் தரும்: முதலில் ஃபோல்டர்கள், அப்புறம் ஃபைல்கள். தனித்தனியாக வருவதால் எது ஃபோல்டர் என்று சோதிக்கும் வேலை மிச்சம். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று கேட்கும்போது பாதையின் கடைசியில் சாய்கோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை ஃபைல் என்று எடுத்துக்கொண்டு 'இல்லை' என்று பதில் வரலாம். இன்னொன்று, சர்வர் அணைந்து கிடந்தாலும் 'லிஸ்ட்டிர்' சத்தமில்லாமல் இரண்டு காலிப் பட்டியல்களைத் தந்துவிடும். காலி ஃபோல்டருக்கும் அதே பதில்தான். எனவே காலியாக வந்தால் ஃபோல்டர் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுவிட்டு, இல்லை என்றால் 'எண்ட் ஆஃப் டைரக்டரி'யில் 'சக்ஸீடட்' என்பதைப் பொய் என்று கொடுத்து, ஒரு நோட்டிஃபிகேஷன் காட்டுங்கள். படங்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்று யாரும் பதற வேண்டாம்.

ஃபைலை ஓட்ட, பிளகின் முகவரி கொடுப்பதா, நேர்ப் பாதையா?

நேர்ப் பாதை. இணைய வீடியோ ஆட்-ஆன்களின் மாதிரியைப் பார்த்து எழுதுபவர்கள் எல்லா ஃபைலுக்கும் பிளகின் முகவரி கொடுத்து, 'இஸ்பிளேயபிள்' என்று குறித்து, பிறகு 'செட் ரிசால்வ்ட் யூஆர்எல்' மூலம் உண்மையான பாதையைத் தருகிறார்கள். இணையத்தில் உள்ள வீடியோவுக்கு அது அவசியம், ஏனென்றால் உண்மையான முகவரி அந்த நேரத்தில்தான் கிடைக்கும். உங்களிடம் உண்மையான பாதை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதையே கொடுத்தால், எங்கே நிறுத்தினோம், பார்த்தாயிற்றா இல்லையா என்ற குறிப்புகள் அந்த ஃபைலின் பெயரிலேயே பதிவாகும். கோடியின் லைப்ரரியில் அதே படம் இருந்தால் அங்கும் அதே நிலை தெரியும். பக்கத்தில் அதே பெயரில் கிடக்கும் சப்டைட்டில் ஃபைலையும் கோடி தானே எடுத்துக்கொள்ளும்.

எந்த எக்ஸ்டென்ஷன்கள் வீடியோ என்று சொந்தப் பட்டியலும் எழுத வேண்டாம். 'கெட் சப்போர்ட்டட் மீடியா' என்று கேட்டால் கோடி தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செங்குத்துக்கோடுகளால் பிரித்துத் தந்துவிடும்.

ஆயிரக்கணக்கான ஃபைல்கள் உள்ள ஃபோல்டர் திறக்க வெகு நேரம் ஆகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் தாமதம் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக 'ஸ்டாட்' கேட்டு அளவும் தேதியும் எடுப்பதில்தான் இருக்கும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு போக்குவரத்து. தேதி வரிசை உண்மையிலேயே வேண்டும் என்றால் மட்டும் கேளுங்கள், கேட்டதை ஆட்-ஆனின் டேட்டா ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். அடுத்து, ஐட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் 'ஆட் டைரக்டரி ஐட்டம்ஸ்' என்ற பன்மைப் பெயர் கொண்டதற்கு மொத்தப் பட்டியலையும் ஒரே தடவை கொடுங்கள். 'லிஸ்ட்ஐட்டம்' உருவாக்கும்போது 'ஆஃப்ஸ்கிரீன்' என்பதை மெய் என்று வைத்தால் கோடி ஒவ்வொன்றுக்கும் திரைப் பூட்டைப் போட்டு எடுக்காது; சிறிய பெட்டிகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

'ரீயூஸ் லாங்குவேஜ் இன்வோக்கர்' என்ற ஒரு வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பைதானைப் புதிதாகத் தொடங்காமல் பழையதையே பயன்படுத்தும். வேகம் கூடும். ஆனால் முன்பு இல்லாமல் போன குளோபல் வேரியபிள்கள் இப்போது பழைய மதிப்போடு உயிருடன் வந்து நிற்கும். நிரல் சுத்தமாக இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்களில் மட்டும் கோளாறு வருகிறதே?

மூன்று தனித்தனிக் கோளாறுகள் இந்த ஒரே புகாராக வரும்.

முதலாவது முகவரி. பாதையை வெறுமனே ஒட்டாமல் 'யூஆர்எல்என்கோட்' மூலம் கட்டுங்கள். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8இல் 3 பைட். சதவீதக்குறி வடிவத்தில் 9 எழுத்தாக நீளும். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சாதாரணம். பிரிக்கும்போது 'பார்ஸ் க்யூஎஸ்எல்' ஒரு முறை போதும். அது ஏற்கெனவே பிரித்துத் தந்ததை இன்னொரு முறை பிரித்தால், பெயரில் கூட்டல்குறி உள்ள ஃபைல் அந்த இடத்தில் இடைவெளியாக மாறி, 'ஃபைல் இல்லை' என்று நிற்கும். சதவீதக்குறி உள்ள பெயர்களிலும் இதே கதை. ஆங்கிலப் பெயரிலும் இது வரும். தமிழில்தான் முதலில் கண்ணில் படும்.

இரண்டாவது ஒற்றை வடிவமும் பிரிந்த வடிவமும். 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னால் உள்ள கொம்பையும் பின்னால் உள்ள காலையும் தனித்தனிக் குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலுக்கு இரண்டும் வேறு. மேக்கில் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கிலிருந்து வந்த பெயர்கள் பிரிந்த வடிவத்தில் இருக்கும். தேடும்போதும் ஒப்பிடும்போதும் இரு பக்கத்தையும் 'என்எஃப்சி' எனப்படும் ஒற்றை வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். ஆனால் ஃபைலைத் திறக்கும்போது டிஸ்க்கிலிருந்து வந்த பெயரை அப்படியே, ஒரு பைட்கூட மாற்றாமல் கொடுங்கள்.

மூன்றாவது வரிசை. பைதானின் 'சார்ட்டெட்' குறியீட்டு எண் வரிசையில் போகும். அதில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வரும், 'ர'வுக்கு அடுத்து 'ற' வரும், 'ழ'வுக்குப் பிறகுதான் 'வ' வரும். நம் நெடுங்கணக்கு வரிசை வேண்டும் என்றால் எழுத்துக்கு ஒரு எண் தரும் சின்னப் பட்டியலை எழுதி அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். பத்து பதினைந்து வரி வேலைதான்.

அழிப்பது, பெயர் மாற்றுவது போன்றவற்றைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் ஆட்-ஆனின் ஆபத்தான பகுதி இதுதான் என்பதால் இங்கே சோம்பல் கூடாது. கோடியின் விஎஃப்எஸ் மூலம் அழித்தால் குப்பைத்தொட்டி எதுவும் இல்லை, போனது போனதுதான். சோபாவில் கிடக்கும் ரிமோட்டின் மேல் யாராவது உட்கார்ந்தாலும் பட்டன் அழுந்தும். எனவே அழிப்பதைச் செட்டிங்ஸில் முதலில் அணைத்தே வையுங்கள், ஃபைலின் முழுப் பெயரைக் காட்டி ஆமா, இல்லையா என்று கேளுங்கள். ஃபோல்டரை உள்ளிருப்பதோடு சேர்த்து அழிக்கும் வசதியை நான் கொடுக்கவே மாட்டேன்.

இன்னொன்று பலர் யோசிப்பதில்லை. உங்கள் பிளகின் முகவரியை நீங்கள் மட்டும்தான் கூப்பிட முடியும் என்பதில்லை. வேறு ஆட்-ஆனும் கூப்பிடலாம், ஜேசன் ஆர்பிசி (கோடிக்குக் கட்டளை அனுப்பும் இடைமுகம்) வழியாக வெளியிலிருந்தும் கூப்பிடலாம். 'அழி' என்ற கட்டளையோடு எந்தப் பாதை வந்தாலும் அழித்துவிடும் நிரல், திறந்த வீடு. பயனர் அனுமதித்த ஃபோல்டருக்குள்தான் அந்தப் பாதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு: அனுமதித்தது '/மீடியா/படம்' என்று வைத்துக்கொள்வோம். வந்த பாதை அப்படித் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் '/மீடியா/படம்பழையது' என்பதும் தேறிவிடும். கடைசியில் சாய்கோட்டைச் சேர்த்து ஒப்பிடுங்கள். நடுவில் இரண்டு புள்ளி உள்ள பாதைகளை யோசிக்காமல் நிராகரியுங்கள்.

நகர்த்துவதற்கு 'ரீநேம்' பயன்படுத்தினால் ஒரு டிஸ்க்கிலிருந்து நெட்வொர்க்குக்குப் போகும்போது தோற்கலாம். அங்கே நகலெடுத்து, நகலின் அளவைச் சரிபார்த்து, அப்புறம் பழையதை அழிப்பதுதான் வழி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அழித்த பிறகும் ஃபைல் பட்டியலில் நிற்கிறது. லாகில் 'ஹேண்டில் செல்லாது' என்றும் வருகிறது.

இரண்டும் அண்ணன் தம்பி. அழிப்பது போன்ற செயல்களைக் கான்டெக்ஸ்ட் மெனுவில் 'ரன்பிளகின்' மூலம் கூப்பிடுவீர்கள். அப்படிக் கூப்பிடும்போது ஹேண்டில் எண் -1 ஆக வரும், ஏனென்றால் கோடி அங்கே பட்டியல் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த வழியில் 'எண்ட் ஆஃப் டைரக்டரி'யைக் கூப்பிட்டால் அந்தப் பிழை வரும். செயலை முடித்துவிட்டு 'கன்டெய்னர்.ரெஃப்ரெஷ்' மட்டும் கொடுங்கள், பட்டியல் புதிதாகும். மறுபக்கம், செயல் ஒன்றை ஃபோல்டர் என்று குறித்துப் பட்டியலில் வைத்தால் கோடி வராத பட்டியலுக்காகக் காத்திருக்கும்.

நெட்வொர்க் ஷேரின் பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

நீங்கள் வைக்கவே வேண்டாம். பயனர் ஏற்கெனவே கோடியில் சேர்த்திருக்கும் இடங்களை 'ஃபைல்ஸ்.கெட்சோர்ஸஸ்' என்ற ஜேசன் ஆர்பிசி அழைப்பு தரும். புதிய இடம் வேண்டும் என்றால் கோடியின் 'பிரவுஸ்' டயலாக்கைத் திறந்துவிடுங்கள். ரிமோட்டில் நீளமான பாதையைத் தட்டச்சு செய்வது தண்டனை. பாஸ்வேர்டைக் கோடி தன் சொந்த ஃபைலில் வைத்துக்கொண்டு, பாஸ்வேர்ட் இல்லாத பாதையைக் கொடுத்தாலும் தானே பொருத்திக்கொள்ளும். மாறாக, பாஸ்வேர்டோடு கூடிய பாதையைப் பிளகின் முகவரிக்குள் திணித்தால் அது ஃபேவரிட்ஸிலும் லாகிலும் போய் உட்காரும். உதவி கேட்டு லாகை அப்படியே பொதுவில் போடுவது எல்லோருக்கும் வழக்கம்.

விண்டோஸ் கணினி பட்டியலிலேயே தெரியவில்லையே?

இது உங்கள் ஆட்-ஆனின் குற்றம் இல்லை. எஸ்எம்பியின் முதல் பதிப்பைப் பாதுகாப்புக் காரணத்துக்காக விண்டோஸ் 10 தன் 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிப் பதிப்பிலிருந்து இயல்பாக நிறுவுவதில்லை. நெட்வொர்க்கில் உலாவிக் கணினிகளைக் காட்டும் பழைய முறை அதைச் சார்ந்தது. கணினியின் பெயரையோ ஐபி எண்ணையோ ஷேரின் பெயரோடு நேராகக் கொடுத்தால் வேலை செய்யும். பழைய பதிப்பை மறுபடி இயக்கச் சொல்லி யாருக்கும் அறிவுரை சொல்லாதீர்கள்.

ஜிப் ஃபைலுக்குள் உலாவ முடியுமா?

முடியும். ஜிப்பின் முழுப் பாதையைச் சதவீதக்குறி வடிவத்துக்கு மாற்றி, முன்னால் 'ஜிப்://' சேர்த்து, அதையே 'லிஸ்ட்டிர்'இடம் கொடுங்கள். ரார் போன்றவற்றுக்குத் தனி விஎஃப்எஸ் ஆட்-ஆன் நிறுவியிருக்க வேண்டும்.

எழுதியதை எப்படிச் சோதிப்பது?

கோடியின் மாட்யூல்கள் கோடிக்கு வெளியே ஓடாது. அதனால் நிரலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: பாதைகளைச் சோதிப்பது, வரிசைப்படுத்துவது, முகவரி கட்டுவது எல்லாம் கோடியை இம்போர்ட் செய்யாத ஒரு ஃபைலில், கோடியோடு பேசுவது மட்டும் மெல்லிய இன்னொரு ஃபைலில். முதலாவதைச் சாதாரண பைதான் போலவே டெஸ்ட் செய்யலாம். எடிட்டர் பெயர்களை அறிந்து உதவ 'கோடிஸ்டப்ஸ்' என்ற பேக்கேஜ் இருக்கிறது.

ஆட்-ஆன் ஃபோல்டரை நேராகக் கோடியின் ஆட்-ஆன் இடத்தில் வைத்துக்கொண்டு திருத்தலாம். பிளகின் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓடுவதால் மாற்றம் உடனே தெரியும். முதல் தடவை மட்டும் கோடியை மறுபடி தொடங்கி, 'மை ஆட்-ஆன்ஸ்' பட்டியலில் போய் எனேபிள் செய்ய வேண்டும். கையால் வைத்ததை 17ஆம் பதிப்பிலிருந்து கோடி அணைத்தே வைக்கும். 'எக்ஸ்பிஎம்சி.லாக்' எழுதியது லாகில் தெரியவில்லை என்றால், அது இயல்பாக டீபக் நிலையில் எழுதுகிறது என்பதே காரணம்; இன்ஃபோ நிலையைச் சொல்லிக் கொடுங்கள்.

பழைய ஆட்-ஆன் ஒன்றின் நிரலை எடுத்து ஆரம்பிக்கலாமா?

லைசென்ஸ் அனுமதித்தால் எடுக்கலாம், ஆனால் அதன் வயதைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் வந்த 19ஆம் பதிப்போடு கோடி பைதான் 3க்கு மாறிவிட்டது. அதற்கு முன் எழுதியவை அப்படியே ஓடாது. 'டிரான்ஸ்லேட் பாத்' விஎஃப்எஸ் மாட்யூலுக்குக் குடிபெயர்ந்தது, 'லாக்நோட்டிஸ்' நிலை போய்விட்டது. 20இலிருந்து 'செட்இன்ஃபோ'வுக்குப் பதிலாக 'இன்ஃபோடேக்' வழியாகத்தான் விவரம் வைக்கச் சொல்கிறார்கள். பழையது ஓடினாலும் லாக் முழுக்க எச்சரிக்கையாக நிரம்பும்.

கோடியின் அதிகாரபூர்வ ரெப்பாசிட்டரியில் சேர்ப்பது கடினமா?

கடினம் இல்லை, கறார் உண்டு. கிட்ஹப்பில் அவர்களுடைய பிளகின் ரெப்பாசிட்டரியில், பொருத்தமான பதிப்பின் பெயர் கொண்ட கிளைக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டும். திறந்த மூல லைசென்ஸ் கட்டாயம், திருட்டுப் பிரதிகளுக்கு வழிசெய்யும் எதற்கும் இடமில்லை. அனுப்பும் முன் 'கோடி ஆடான் செக்கர்' என்ற கருவியை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஐகான் அளவு தவறு, எக்ஸ்எம்எல் பிழை போன்றவற்றை அது முன்கூட்டியே சொல்லிவிடும். திரையில் தெரியும் வரிகளை நிரலுக்குள் எழுதாமல் 'ஸ்டிரிங்ஸ்.பிஓ'வில் 30000இலிருந்து எண்ணிட்டு வையுங்கள். ஆங்கிலம் கட்டாயம்; பக்கத்திலேயே 'டிஏ_ஐஎன்' ஃபோல்டர் ஒன்று போட்டுத் தமிழையும் சேர்த்து அனுப்பலாம். ஒரு ஃபைல் பிரவுசருக்கு முப்பது நாற்பது வரிக்கு மேல் வராது.